ஒன்பது வரை எண்ணியது

கழுத்தின் வலப்பக்கம், காறையெலும்புக்கு மேலே
ஒளி ஊடுருவும் ஒட்டுப் பிளாஸ்டர்.
அதன் கீழே மூன்று வால் வைத்த கதீற்றர்,
வெள்ளை, நீலம், பழுப்பு.
நுனி எங்கே நிற்கிறதென்று எக்ஸ்ரே சொன்னது:
இதயத்தின் வாசற்படியில்.

மொன்சியூர் க்ரோஸ்ஜான்.
பீல் நகரத்தில் முப்பத்தொரு வருடம்
ட்ரொலிபஸ் ஓட்டியவர்.
குடல் வெடித்து வந்தார்.
முதல் ஐந்து நாளும் அந்தக் குழாய்தான்
அவரைப் பிடித்து வைத்திருந்தது.
அதை நான் மறக்கக் கூடாது.

ஒவ்வொரு காலையும் கட்டில் கட்டிலாய் நின்று கேட்போம்:
இது இன்னும் தேவையா?
சனிக்கிழமை தேவைப்பட்டது.
ஞாயிறு மருந்தெல்லாம் குறைந்து
அவர் தயிர் கேட்ட நாள்.
அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை.
பனி கொட்டியது, இரண்டு பேர் வேலைக்கு வரவில்லை,
நானும் கேட்கவில்லை.

அதற்கு முந்தின இரவு மூன்று மணி.
மருந்து ஏற்ற முன்
வாலின் வாயைப் பதினைந்து செக்கன்
அழுத்தித் தேய்க்க வேண்டும், பிறகு காயவிட வேண்டும்.
நான் தமிழில்தான் எண்ணுவேன்.
பகல் முழுக்க ஜெர்மனும் பிரெஞ்சும் கதைத்தாலும்
எண்ணும்போது மட்டும் ஒண்டு, ரெண்டு.
ஒன்பதில் பக்கத்துக் கட்டில் அலறியது.
பத்து எண்ணினேனா?

திங்கள் இரவு அவர் பல் கிட்டி நடுங்கினார்.
முப்பத்தொன்பது தசம் நாலு.
குழாயிலிருந்து ஒரு போத்தல் இரத்தம்,
கை நரம்பிலிருந்து இன்னொன்று,
இரண்டிலும் ஒரே நேரத்தை எழுதி
ஒரே பையில் அனுப்பினோம்.
எது முதலில் முளைக்கிறதென்று
ஆய்வுகூட மெஷின் காவல் இருக்கும்.
குழாய் இரத்தம் இரண்டு மணி நேரம் முந்தினால்
குற்றவாளி குழாய்.

இரண்டு மணி ஐம்பது நிமிடம் முந்தியது.

பெயர் ஸ்டஃபிலோகொக்கஸ். பெரிய கொலைகாரன் இல்லை.
தோலில் குடியிருக்கும் அப்பாவி,
இதை வாசிக்கிற உங்கள் உள்ளங்கையிலும்
இப்போது இருக்கும்.
அவருடைய தோலிலிருந்து போனதா, என்னுடையதிலிருந்தா,
அதற்கு மெஷின் இல்லை.

கட்டிலின் தலைப்பக்கம் தாழ்த்தி,
மூச்சை வெளியே விடுங்கள் என்றேன்.
விட்டார். உருவினேன்.
ஐந்து நிமிடம் விரலால் அழுத்திப் பிடித்தபடி
அவருடைய நாடி என் விரலில் அடிக்க
வெளியே பார்த்தேன். ஏரியைக் காணவில்லை, மூடுபனி.

தொற்றுத் தடுப்புப் பிரிவின் ஏஷ்லிமன் அம்மா
படிவத்தோடு வந்தார். நல்ல மனுசி.
யாரையும் குற்றம் சொல்ல இல்லை என்று தொடங்கினார்.
போட்ட நாள். எடுத்த நாள். யார் போட்டது. எந்தப் பக்கம்.
ஒன்பது வரை எண்ணியதற்குக்
கட்டம் இல்லை அதில்.
ஓரத்தில் எழுதினேன்.
வாசித்தார். பேனையைத் திருப்பித் தந்தார்.
ஞாயிறு பற்றியும் எழுது என்றார்.

நாலாம் நாள் காய்ச்சல் இறங்கியது.
வார்டுக்குத் தள்ளிப்போகும்போது
நீ எந்த பஸ்ஸில் வருகிறாய் என்று கேட்டார்.
சொன்னேன்.
அந்த வளைவில் மேல்கம்பி கழன்றுவிடும் என்றார்,
முப்பத்தொரு வருடத்தில் நாற்பத்திரண்டு தரம்,
எல்லாம் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்,
இறங்கி, கையுறை போட்டு,
கயிற்றை இழுத்துத் திரும்ப மாட்டுவேன்,
சனம் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

கழுத்தில் சதுரமாய் ஒரு சிவப்பு, பிளாஸ்டர் இருந்த இடம்.
ஒன்பதைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம். லிஃப்ட் வந்துவிட்டது.

இப்போது சத்தமாகத்தான் எண்ணுகிறேன்.
நாலாம் கட்டில்காரரின் மனைவி, மெலிந்தவர்,
தொப்பியைக் கழற்றாமலே இருப்பவர்,
நேற்று மெதுவாய்க் கேட்டார்:
உங்கள் மொழியில் இது பிரார்த்தனையா?

பதில் சொல்ல வாய் எடுக்கவில்லை.
பதினொண்டு.
பன்னிரண்டு.